குறியும் கடனும் குடும்பத் துணையும்: மட்டாஞ்சேரியும் ஜப்பானும் தரும் பாடங்கள்

வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது ‘சேமிப்பு’ என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் நாட்டளவில் வைத்தே பொருள் கொள்கிறோம். குடும்பங்கள் சேமிக்கும் பணம் வங்கிகள், அஞ்சலகங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் வழியாகத் திரண்டு அணைகளாகவும் ஆலைகளாகவும் சாலைகளாகவும் உருப்பெறுகிறது என்பது பொருளியல் மாணவர் அறிந்த செய்தியே. ஆனால் சேமிக்கும் குடும்பத்தின் கண்ணில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கட்டணம் கையில் இருக்குமா, மருத்துவமனையில் முன்பணம் கேட்டால் கொடுக்க முடியுமா, மகளின் திருமணத்தின்போது யாரிடம் கைநீட்ட வேண்டிவரும் என்பனவே அக்குடும்பத்தின் கேள்விகள்.

இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, நம் நாட்டுக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் செலவழிக்க வழியின்றிச் சேர்ந்த பணம் அதில் அடக்கம். 2022-23இல் அது 5 சதவீதத்தை ஒட்டிய அளவுக்கு இறங்கியது. குடும்பங்கள் வாங்கிய கடன் பெருகியதே இதற்கு ஒரு முக்கிய காரணம். எனவே சேமிப்பையும் கடனையும் தனித்தனியாக ஆராய்வது போதாது. ஒரே குடும்பம் ஒரு கையால் சேமித்து மறு கையால் கடன் வாங்குகிறது. இரண்டும் போதாதபோது உற்றாரை நாடுகிறது. இம்மூன்றும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதைக் கொச்சி மாநகரின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியை முன்வைத்தும், சேமிப்புக்குப் பெயர்பெற்ற ஜப்பானிய நாட்டின் அனுபவத்தை ஒப்பிட்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டாஞ்சேரியின் வருமான அமைப்பு

எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டை ஆகிய மூன்று நகராட்சிகளும் இணைக்கப்பட்டு 1967 நவம்பர் முதல் நாளன்று கொச்சி மாநகராட்சி உருவாயிற்று. அதற்கு முன்னரே மட்டாஞ்சேரி பல நூற்றாண்டு வணிகச் சிறப்புடையது. காயற்கரையை ஒட்டிய பஜார் தெருவின் கிடங்குகளில் மிளகும் சுக்கும் ஏலமும் குவிந்து கப்பலேறின. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், யூதர், தமிழர் எனப் பல சமூகத்தார் இங்கு வந்து தங்கினர். அண்டையிலுள்ள வெளி என்னுமிடத்தில், பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் 1970களில் கட்டிக்கொடுத்த சலவைக்கூடத்தில், தமிழ் வண்ணார் சமூகத்தைச் சேர்ந்த குடும்பங்கள் தொழில் செய்து வருகின்றன.

இவ்வட்டாரத்து உழைக்கும் குடும்பங்களின் வருமானத்துக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. அது சிறியது என்பதைவிட, ஒழுங்கற்றது என்பதே முக்கியம். கிடங்குகளில் சுக்குத் தரம் பிரிக்கும் பெண்களுக்குச் சரக்கு வந்தால்தான் வேலை. சலவைத் தொழிலாளிக்கு வெயில் இருந்தால்தான் துணி உலரும். இடவப்பாதி மழை தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும். வருவாய் குறையும் மாதமும் செலவு கூடும் மாதமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

ஒழுங்கற்ற வருமானம் எவ்வளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதற்கு இத்துறைமுகத்தின் வரலாறே சான்று. முன்னர் இங்குச் ‘சாப்பா’ என்றொரு முறை வழங்கி வந்தது. வேலை தேடி நிற்கும் கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளை வீசியெறிவர். முண்டியடித்து அதைப் பிடித்தவருக்கே அன்றைய வேலை. பிடிக்காதவர் வீடு திரும்ப வேண்டியதுதான். இம்முறையை எதிர்த்து எழுந்த தொழிலாளர் போராட்டத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பின்னர்த் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்து, பதிவு பெற்ற தொழிலாளருக்கு முறையான வேலைப் பங்கீடு கிடைத்தது. பொருளியல் நோக்கில் இம்மாற்றத்தைக் கூலி உயர்வு என்று மட்டும் கொள்வது தவறு. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவன் மாதத் தவணை எதையும் ஏற்க முடியாது. அது தெரிந்தவனே சீட்டில் சேரலாம், கடையில் கணக்கு வைக்கலாம், பிறருக்குப் பிணை நிற்கலாம். வருமானத்தின் ஒழுங்கே சேமிப்பின் முதற்படி என்பதை இது காட்டுகிறது.

குறி என்னும் ஏற்பாடு

தமிழகத்தில் ‘சீட்டு’ எனப்படுவது கேரளத்தில் ‘குறி’ அல்லது ‘சிட்டி’ எனப்படுகிறது. இரு சொற்களுமே பெயரெழுதிக் குலுக்கிப் போடும் துண்டோலையை நினைவூட்டுவன. குறிப்பிட்ட எண்ணிக்கையினர் ஒன்றுகூடி மாதந்தோறும் சமமான தொகை செலுத்துவர். சேரும் மொத்தத் தொகையை மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வர். யார் எடுப்பது என்பது ஏலத்தாலோ குலுக்கலாலோ முடிவாகும். ஏலத்தில் குறைக்கக்கூடிய தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. அவ்வரம்பை ஒருவருக்கு மேற்பட்டோர் எட்டினால் ‘நறுக்கு’ எடுத்துத் தீர்மானிப்பர். குறைக்கப்பட்ட தொகையில் நடத்துபவரின் கழிவு போக எஞ்சியதை உறுப்பினர் யாவரும் பங்கிட்டுக்கொள்வர். இதற்கு மலையாளத்தில் ‘வீதப்பலிசை’ என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக இதனை விளக்கலாம். 25 பேர் மாதம் ரூ.2,000 வீதம் 25 மாதங்கள் செலுத்தும் ரூ.50,000 குறி ஒன்றைக் கொள்வோம். முதல் மாத ஏலத்தில் ஒருவர் 30 சதவீதம், அதாவது ரூ.15,000 குறைத்து ரூ.35,000 பெறுகிறார். நடத்துபவரின் கழிவு 5 சதவீதம் எனில் அது ரூ.2,500. எஞ்சிய ரூ.12,500 இருபத்தைந்து பேருக்கும் ஆளுக்கு ரூ.500 வீதம் பகிரப்படுகிறது. அடுத்த மாதம் அவர்கள் ரூ.1,500 செலுத்தினால் போதும். மாதங்கள் செல்லச் செல்லப் பணத்துக்கான அவசரம் குறையும். ஏலக் குறைப்பும் பங்கும் இறங்கும்.

முதல் தவணை நீங்கலான 24 மாதங்களுக்கும் பங்குத் தொகை சராசரியாக ரூ.300 எனக் கொள்வோம். முதலில் எடுத்தவர், தம் முதல் தவணை போகக் கைக்கு வந்த ரூ.33,000-க்கு ஈடாக 24 மாதங்களில் ரூ.40,800 திருப்பிச் செலுத்துகிறார். இது ஆண்டுக்கு ஏறக்குறைய 21 சதவீத வட்டிக்குச் சமம். இறுதி வரை காத்திருந்தவர் மொத்தம் ரூ.42,800 செலுத்தி, கழிவு போக ரூ.47,500 பெறுகிறார். அவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீத வட்டி. ஆகவே ஒரே குறி ஒருவருக்குக் கடனாகவும் இன்னொருவருக்குச் சேமிப்பாகவும் அமைகிறது. அதில் சேரும்போது தாம் எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்பதை உறுப்பினர் அறிய வேண்டியதில்லை. எதிர்பாராத செலவு வந்தால் கடனாளி, வராவிட்டால் சேமிப்பாளர். நாளை என்ன நேரும் என்று அறியாத குடும்பத்துக்கு இந்நெகிழ்ச்சியே குறியின் பெருஞ்சிறப்பு எனலாம்.

சட்டமும் நிறுவனமும்

பலருடைய பணம் ஒருவர் கையில் சேரும் இடத்தில் மோசடிக்கும் இடமுண்டு. கொச்சி மன்னராட்சியே கொல்லம் ஆண்டு 1107இல் (1931-32) கொச்சிக் குறிச் சட்டத்தை இயற்றிற்று. திருவிதாங்கூரில் 1120இல் (1945) சிட்டிகள் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்குமான கேரளச் சிட்டிகள் சட்டம் 1975இலும், நாடு தழுவிய சீட்டு நிதிச் சட்டம் 1982இலும் நிறைவேறின. ஆயினும் மையச் சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தது 2012 ஏப்ரல் 30 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில், கேரளச் சட்டத்தின் கடுமையைத் தவிர்க்கக் கருதிய நடத்துநர் சிலர் தொலைதூர மாநிலங்களில் குறிகளைப் பதிவு செய்து கேரளத்தில் பணம் திரட்டினர். சட்டம் ஒரு மாநிலத்தில் இறுகி அடுத்த மாநிலத்தில் தளர்ந்திருந்தால் பணம் தளர்ந்த பக்கமே ஓடும் என்பது நிர்வாகத்தினர் மனத்திற்கொள்ள வேண்டிய பாடம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், நடத்துபவர் பெறக்கூடிய கழிவின் உச்ச வரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது.

சட்டத்தோடு நில்லாமல் அரசே குறி நடத்த முன்வந்தது கேரளத்தின் தனிச்சிறப்பு. 1969 நவம்பர் 6 அன்று திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள மாநில நிதி நிறுவனம் தொடங்கப்பட்டது. அப்போது அதன் மூலதனம் ரூ.2 லட்சம், கிளைகள் 10, பணியாளர் 45. இன்று 600க்கு மேற்பட்ட கிளைகளுடன் மாநிலமெங்கும் பரவியுள்ளது. 2018இல் வெளிநாடு வாழ் கேரளீயருக்கென ‘பிரவாசி சிட்டி’யும் தொடங்கப்பட்டது. தனியார் குறியில் நடத்துபவர் ஓடிவிடுவாரோ என்ற அச்சம் இங்கு இல்லை.

பிணை என்னும் தடை

ஆயினும் ஒரு தடை நிற்கிறது. குறியை எடுத்தவர் எஞ்சிய தவணைகளைத் தவறாது கட்டுவார் என்பதற்கு உறுதி வேண்டும். தங்கம், நிலம், வைப்புத்தொகை, அல்லது மாதச் சம்பளம் பெறுவோரின் பிணை ஆகியவை அதற்கு ஏற்கப்படுகின்றன. பிறருடைய பணத்தைக் காக்க இது இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் விளைவு என்ன? சுக்குக் கிடங்கில் வேலை செய்யும் பெண்ணும் சலவைத் தொழிலாளியும் மாதந்தோறும் தவணை கட்டலாம், ஏலமும் கேட்கலாம், பணத்தைக் கையில் வாங்கத்தான் இயலாது. உறவிலோ அண்டையிலோ அரசு ஊழியர் ஒருவர் இருந்து கையெழுத்திட்டால் மட்டுமே வாங்கலாம். இல்லையேல் இறுதி வரை காத்திருக்க வேண்டும். இவ்வாறு குறியின் கடன் பகுதி சம்பளக்காரருக்கும், சேமிப்புப் பகுதி மட்டும் கூலிக்காரருக்கும் என்று பிரிந்துவிடும் ஆபத்து உள்ளது.

இக்கட்டுரையாசிரியர் அரசுப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், உடன் பணியாற்றிய கடைநிலை ஊழியர் ஒருவருக்காகச் சீட்டு ஒன்றுக்குப் பிணைக் கையெழுத்திட்டதுண்டு. நோயால் அவர் தவணை தவறவே, ஆசிரியரின் சம்பளத்திலிருந்து சில மாதங்கள் பிடித்தம் செய்யப்பட்டது. வீட்டில் அதைப் பற்றி எழுந்த பேச்சு எளிதில் மறக்கக் கூடியதன்று. பிடித்த தொகை முழுவதையும் அந்த நண்பர் இரண்டு ஆண்டுகளுக்குள் சிறிது சிறிதாகத் திருப்பித் தந்துவிட்டார். பிணைக் கையெழுத்து என்பது தாளில் இடும் ஒப்பம் மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் இடரை மற்றொரு குடும்பம் தன் தலைமேல் ஏற்பது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. ஊருக்குப் புதியவருக்கும், வாடகை வீட்டில் வாழும் தினக்கூலிக்காரருக்கும் அத்தகைய கையெழுத்து எளிதில் கிட்டுவதில்லை.

வாசலுக்கு வரும் கடன்

கையெழுத்து கிட்டாத இடத்தில் வட்டிக்காரர் நுழைகிறார். ‘பிளேடு’ என்றே கேரள மக்கள் இத்தகைய கடனுக்குப் பெயரிட்டுள்ளனர். தமிழ்நாட்டில் கந்துவட்டி, தண்டல் என வழங்குவனவும் இவ்வகையினவே. ரூ.10,000 கடன் என்று சொல்லி ரூ.9,000 கையில் தந்து, நாளுக்கு ரூ.100 வீதம் நூறு நாள் வசூலிக்கும் முறையைக் கொள்வோம். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், உண்மை வட்டி ஆண்டுக்கு 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்ற வட்டியோ ஆண்டுக்கு 120 சதவீதம். முற்கூறிய குறியில், அவசரத்தால் முதல் மாதமே எடுத்தவர் சுமந்தது 21 சதவீதமே என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

இத்தனை வேறுபாடு இருந்தும் மக்கள் ஏன் வட்டிக்காரரை நாடுகின்றனர்? அறியாமை என்று கூறி ஒதுக்குவது எளிது, உண்மை அதுவன்று. அவர் பிணை கேட்பதில்லை, படிவம் நீட்டுவதில்லை, வாசலுக்கே வருகிறார், நாள் வருமானம் உள்ளவரிடம் நாள் தவணையாகவே வாங்கிக்கொள்கிறார். நிறுவனங்கள் செய்யத் தவறிய நான்கு காரியங்களை அவர் செய்து, அதற்கு மிகக் கொடிய விலை வாங்குகிறார்.

கேரளத்தில் வட்டித் தொழில் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 1958 முதல் உண்டு. அதீத வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003இலும் கேரளத்தில் 2012இலும் வந்தது. 2014 மே மாதத்தில் ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் கேரளக் காவல்துறை மாநிலமெங்கும் சோதனைகள் நடத்தியது. இவை தேவையே. ஆனால் கொடுப்பவரைத் தண்டிப்பதால் மட்டும் கேட்பவரின் தேவை மறைவதில்லை. இதனை உணர்ந்து 2018இல் கேரளக் கூட்டுறவுத் துறை ‘முற்றத்தெ முல்ல’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கம் 9 சதவீத வட்டியில் குடும்பஸ்ரீ குழுவுக்குப் பணம் தருகிறது. குழு 12 சதவீதத்தில் வீடு தேடிச் சென்று சிறு கடன் வழங்கித் தவணையும் வசூலிக்கிறது. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பது மலையாளப் பழமொழி. அருகிலிருக்கும் உதவியின் அருமை தெரியாது என்ற பழமொழியை மாற்றிக் காட்டும் முயற்சியாக இப்பெயர் அமைந்துள்ளது.

1998 மே 17 அன்று மலப்புறத்தில் தொடங்கிவைக்கப்பட்ட குடும்பஸ்ரீயில் இன்று 3 லட்சத்துக்கு மேற்பட்ட அயல்கூட்டங்களும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பெண் உறுப்பினரும் உள்ளனர். அயல்கூட்டத்தின் வலிமை அதன் சிறிய அளவில் உள்ளது. ஒரு தெருவில் வாழும் பத்து முதல் இருபது பெண்கள் வாரந்தோறும் கூடுகையில், யார் வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை, யார் வேலை நின்றுவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தாளில் எழுத முடியாத இந்த அறிவே அங்குப் பிணையாகிறது.

உற்றார் தரும் துணை

குறியும் கடனும் போக மூன்றாவது தூண் குடும்பத் துணை. மனைவியின் நகை, உடன்பிறந்தார் வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பும் பணம், தாய்மாமன் செய்யும் சீர் ஆகியவை எந்தப் புள்ளிவிவரத்திலும் முழுமையாக ஏறுவதில்லை. வட கேரளத்தில் கோழிக்கோடு, வடகரைப் பகுதிகளில் ‘பணப்பயற்று’ என்றொரு வழக்கம் உண்டு. பணத் தேவை உள்ளவர் தேநீர் விருந்துக்கு அழைப்பார். வருவோர் ஒரு தொகை தந்து செல்வர். அது கணக்கேட்டில் பதிவாகும். அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் சற்றுக் கூட்டித் திருப்ப வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் மொய் விருந்தும் இதே இயல்பினது. வட்டி என்ற சொல் இல்லை, எழுத்துப் பத்திரம் இல்லை, மானமே பிணை.

ஆயினும் இத்தூண் எப்போதும் நிலைத்திருக்கும் என்று திட்டமிடுவோர் எண்ணிவிடலாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 8.6 சதவீதமாக இருக்க, கேரளத்தில் 12.6 சதவீதமாக இருந்தனர். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துள்ளது. இருக்கும் பிள்ளைகளும் அயல்நாடுகளில் உள்ளனர். பெற்றோரைப் பேணுவதைச் சட்டக் கடமையாக்கும் சட்டம் 2007இல் நிறைவேறியது. எனினும் பணம் அனுப்ப முடியும் மகனாலும் படுக்கையில் இருக்கும் தாயைத் தூக்கி உட்கார வைக்க அயலூரிலிருந்து இயலாது.

ஜப்பானின் அனுபவம்

ஜப்பானியர் இயல்பிலேயே சிக்கனமானவர் என்ற கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. வரலாறு அதை அப்படியே ஏற்கவில்லை. 1970களின் நடுவில் அந்நாட்டுக் குடும்பங்கள் செலவிடத்தக்க வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் சேமித்தன. 2010களில் அவ்விகிதம் பூஜ்யத்தை ஒட்டியும் இறங்கியதுண்டு. இனத்தின் குணம் நாற்பது ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை, மாறியவை சூழ்நிலைகளே. விரைந்து உயர்ந்த ஊதியம், ஆண்டுக்கு இருமுறை மொத்தமாக வரும் போனஸ், 1875இலேயே தொடங்கிச் சிற்றூர் தோறும் பரவிய அஞ்சலகச் சேமிப்பு, 1952இல் அமைந்த சேமிப்பு ஊக்குவிப்பு மையக் குழுவின் இடைவிடாப் பரப்புரை, இல்லத்தரசியர் எழுதும் ‘காகெய்போ’ என்னும் குடும்பக் கணக்கேடு ஆகியவை சேர்ந்தே அவ்வுயர்ந்த விகிதத்தை உண்டாக்கின. வளர்ச்சி தளர்ந்து மக்கள் முதுமையடைந்து சேமிப்பை எடுத்துச் செலவிடத் தொடங்கியதும் விகிதம் வீழ்ந்தது.

நம் குறிக்கு ஒப்பான ஏற்பாடு அங்கும் உண்டு. ‘முஜின்’, ‘தனோமோஷி’ என்ற பெயர்களில் அது இடைக்காலத்திலிருந்தே வழங்கி வந்தது. நிறுவனங்களாக வளர்ந்த முஜின்களை ஒழுங்குபடுத்த 1915இல் சட்டம் வந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவற்றுள் பெரும்பாலானவை பரஸ்பர வங்கிகளாகிச் சிறு தொழில்களுக்குக் கடன் வழங்கின. 1989 முதல் அவை சாதாரண வட்டார வங்கிகளாக மாறின. ஒகினாவாவில் ‘மோஆய்’ என்ற பெயரில் நண்பர் குழுச் சீட்டு இன்றும் நடைபெறுகிறது. அதுபோலவே, இறப்பு நேர்ந்த வீட்டுக்கு உறையிலிட்டுத் தரும் ‘கோடென்’ பணத்தைப் பெயருடன் குறித்துவைத்து உரிய காலத்தில் ஈடுசெய்வது அந்நாட்டு வழக்கம். மொய்க் கணக்கை அறிந்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஜப்பானுக்கும் ‘பிளேடு’ இருந்தது என்பது பலர் அறியாதது. சம்பளக்காரருக்குப் பிணையின்றிக் கடன் தரும் ‘சராகின்’ நிறுவனங்கள் 1970களில் பெருகின. அன்று குற்றவியல் சட்டம் அனுமதித்த வட்டியின் உச்ச வரம்பு ஆண்டுக்கு 109.5 சதவீதம். வசூல் கொடுமையால் குடும்பங்கள் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுவதும் தற்கொலைகளும் நிகழ்ந்து நாடே அதிர்ந்தது. 1983இல் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2000இல் 29.2 சதவீதமாயிற்று. 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டம் 2010 ஜூனில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது அது 20 சதவீதமாக இறங்கியது. அதனினும் முக்கியம், இந்நிறுவனங்கள் யாவும் சேர்ந்து ஒருவருக்குத் தரும் மொத்தக் கடன் அவருடைய ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதியாகும். பல நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் கடன்பட்டோரின் எண்ணிக்கை இதன்பின் பெருமளவு குறைந்தது.

முதியோர் பேணலிலும் அந்நாடு 2000 ஏப்ரலில் ஒரு பெரும் மாற்றம் செய்தது. 40 வயதைக் கடந்த அனைவரும் காப்பீட்டுச் சந்தா செலுத்த, மறுபாதியை அரசுகள் வரிப்பணத்திலிருந்து ஏற்க, முதியோருக்கு வீட்டிலும் விடுதியிலும் பணிவிடை கிடைக்கச் செய்யும் நீண்டகாலப் பேணல் காப்பீடு அது. மக்களில் ஏறக்குறைய 29 சதவீதத்தினர் 65 வயதைக் கடந்துள்ள நாட்டில், மருமகளின் தோளில் மட்டும் வைத்திருந்த சுமையைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ள முற்பட்டது எனலாம்.

நாம் பெறத்தக்க பாடங்கள்

முதலாவதாக, சேமிப்பை அறிவுரையால் மட்டும் வளர்க்க முடியாது. வருமானத்தை ஒழுங்குபடுத்துவதே அதன் அடிப்படை. ஜப்பானின் போனஸும் கொச்சித் துறைமுகத்தின் தொழிலாளர் பதிவும் இதையே மெய்ப்பிக்கின்றன. இன்று செயலி வழியாக நாளுக்கு நாள் வேலை பெறும் இளைஞர், புதிய வடிவில் அதே வில்லைக்காகக் காத்திருப்பவரே என்பதை மறக்கலாகாது.

இரண்டாவதாக, மக்களின் மரபு ஏற்பாடுகளைத் தடை செய்வதைவிடச் சட்டத்தின் வரம்புக்குள் கொணர்ந்து வளர்ப்பதே பயன் தரும். முஜினும் குறியும் இதில் ஒரே பாதையில் நடந்துள்ளன.

மூன்றாவதாக, பிணை பற்றிய விதிகளை மறுஆய்வு செய்ய வேண்டும். பல ஆண்டுகள் தவறாது தவணை கட்டிய அயல்கூட்டத்தின் கூட்டுப் பொறுப்பை, சிறு குறிகளுக்கேனும், சம்பளக்காரர் கையெழுத்துக்கு நிகராக ஏற்பது பற்றிச் சிந்திக்கலாம். இதில் இடர் இல்லாமலில்லை. தவணை தவறினால் நட்டம் ஏனைய உறுப்பினரைச் சேரும். அதைத் தாங்கச் சிறு காப்பு நிதி ஒன்று தேவைப்படும். ஆயினும் அச்செலவு, 77 சதவீத வட்டிக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தள்ளிவிடுவதைவிடக் குறைவானதே.

நான்காவதாக, வட்டிக்கு வரம்பு கட்டுவதோடு மொத்தக் கடனுக்கும் வரம்பு வேண்டும். கைபேசிச் செயலிகள் சில நிமிடங்களில் கடன் தரும் இக்காலத்தில் ஜப்பானின் மூன்றில் ஒரு பங்கு விதி நமது ஆய்வுக்கு உரியது. ஆனால் வருமானச் சான்றே இல்லாத தினக்கூலிக் குடும்பத்துக்கு அவ்விதியை அப்படியே பொருத்தினால் அது மீண்டும் வட்டிக்காரரிடமே அவர்களை அனுப்பும். விதியை எடுக்கும்போது சூழ்நிலையையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மட்டாஞ்சேரியின் சலவைக்கூடத்தில் துணிகளை உலர்த்தும் கொடிகளுக்குக் கவ்விகள் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி, அம்முறுக்கின் இடையில் துணியின் முனையைச் செருகிவிடுகின்றனர். காற்று வீசினாலும் துணி விழுவதில்லை. ஏழைக் குடும்பத்தின் பொருளாதாரமும் சேமிப்பு, கடன், உற்றார் துணை என்னும் புரிகளின் முறுக்கில்தான் நிற்கிறது. ஒரு புரி தளரும்போது மற்றவை தாங்கும்படி அம்முறுக்கைக் காப்பதே, மாதம் ரூ.2,000 தவணை கட்டும் குடும்பத்துக்கு அரசும் கூட்டுறவு நிறுவனங்களும் ஆற்ற வேண்டிய பணியாகும்.